ஒற்றியூரும் ஊன்றுகோலும்



உயிர்களின் தொன்னிலை யாதென்று சித்தாந்த நூல்கள் கூறும் முறையை முதற்கண் நினைவுகூர்வோம். கேவல நிலையிலே, ஆணவ இருளுள் அழுந்திக் கிடந்த காலத்து, எவ்வுயிர்க்கும் கண்ணில்லை, செவியில்லை, பேச நாவில்லை, பற்றி நினைக்க மனமும் இல்லை. அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் உயிர்க்கு இயல்பாய் உள்ளனவே யாயினும், அவை புறப்படுதற்கு வாயில் இன்மையால் இருந்தும் இல்லாதன போன்றிருந்தன. அந்நிலையில் இறைவன் உயிரை நோக்கி, 'நீ முதலிற் பேசு. பின்னர் யாம் அருள்வோம்' என்றானல்லன். தானே முற்பட்டு, உடலையும், உட்கருவி புறக்கருவிகளையும், வாழ்தற்கு உலகையும், நுகர்தற்குப் பொருள்களையும் கூட்டுவித்தான். விழிக்கு ஒளி துணையாவது போல உயிரறிவுக்குத் தன்னருளைத் துணையாக்கினான். ஆகலின், துணையின்றித் தானே அறிந்த உயிர் உலகில் ஒன்றேனும் இல்லை என்பதும், புலவர் பெருமக்களும் நேற்றுப் பிறந்த மகவும் இவ்வொரு திறத்தில் ஒப்ப நிற்பவரே என்பதும் நம் சமயத்தின் அடிப்படைத் துணிபுகளாம்.

இத்துணிபைச் சபைகளிலே பலகாற் பேசுகின்றோம், கேட்டுத் தலையசைக்கின்றோம். ஆயின் நம் இல்லத்திலோ அயலிலோ ஒரு குழந்தை மூன்று வயது கடந்தும் பேசாதிருப்பின், அன்றிப் பத்து வயதாகியும் எழுத்துக்கூட்டிப் படிக்க மாட்டாதிருப்பின், அக்குழந்தையிடத்து நாம் நடந்துகொள்ளும் முறை இத்துணிபுக்குப் பொருந்துகின்றதா என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இராயபுரம் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையிற் கடலை ஒட்டிக் கிடக்கும் வடசென்னைப் பகுதியை இதற்கு நிலைக்களனாகக் கொள்வோம். திருவொற்றியூர் நம்மனோர்க்குத் தியாகேசர் எழுந்தருளிய தலம். பட்டினத்தடிகள் அடங்கிய தலம். அங்கே வாழ்வார்க்கோ அது துறைமுகத்தை நோக்கிச் சரக்குப்பெட்டி லாரிகள் நிரைநிரையாய் நிற்கும் சாலையும், ஆலைப்புகையும், ஓரறை வீடுகளும் ஆகும். தந்தை கடலுக்குச் சென்றிருப்பார். அன்றி ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்குவார். தாய் மீன்கூடை சுமந்தோ வீட்டுவேலைக்கோ போய் மீள்வாள். அத்தகைய ஒரு வீட்டிலே ஒரு பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், மின்விசிறி சுழல்வதையே நோக்கியிருக்கும். அடுத்த வீட்டிலே ஒரு பெண்குழந்தை கழுத்து நிலையாமற் பாயிற் கிடக்கும். எதிர்வீட்டிலே பையன் ஒருவன் படகு எஞ்சினைப் பிரித்துக் கோக்க வல்லவனாயிருந்தும், நான்காம் வகுப்புப் பாடநூலை விரித்தால் வியர்த்துப் போவான். இம்மூவரும் ஒரு தன்மையர் அல்லர். முதற்பிள்ளைக்கு உள்ளது மதியிறுக்கமாதல் கூடும்; இரண்டாங் குழந்தைக்கு மூளை முடக்குவாதம்; மூன்றாமவனுக்கு அறிவிற் குறைவு சிறிதும் இல்லை, எழுத்தைப் பற்றிக்கொள்ளும் வாயில் ஒன்றே இடர்ப்படுகின்றது. ஊராரோ மூவரையும் 'மந்தம்' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர்.

அச்சொல்லை யாம் எளிதில் விடுவதாயில்லை. அது நம் நூல்களிற் பயின்ற சொல். சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாகப் பகுப்பர் நம் ஆசிரியர். மந்ததரத்திற்கு வாழைத்தண்டிற் பற்றும் தீயையும், மந்தத்திற்குப் பச்சை விறகிற் பற்றும் தீயையும் உவமை கூறுவர். வாழைத்தண்டிற் பற்றுவதும் தீயே. பஞ்சிற் பற்றுவதும் தீயே. நெருப்பில் வேறுபாடில்லை, பற்றும் விரைவிலேதான் வேறுபாடு. ஆகவே மந்தம் என்பது அருள் பதியாமையை உணர்த்தும் சொல் அன்று. அது மெல்லப் பதிதலை உணர்த்துவது. பள்ளிக்கூடத் திண்ணையிலே அச்சொல்லை வசையாக மாற்றினவர் யாரோ அறியோம். அவர் சித்தாந்தம் கற்றவர் அல்லர் என்பது மட்டும் தெளிவு.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'இஃது அக்குழந்தையின் பிராரத்தம் அன்றோ? பெற்றோர் செய்த வினையும் உடன்சேர்ந்து வந்தது அன்றோ? ஊட்டும் வினையை ஊட்டுவிக்கின்ற இறைவன் ஆணைக்கு இடையே நாம் புகுதல் தகுமோ?' என்பாரை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம். இவ்வினா கேட்பார் பசித்தபோது உண்கின்றனர். காய்ச்சல் வந்தபோது மருந்து கொள்கின்றனர். பசியும் காய்ச்சலும் பிராரத்தம் அல்லவோ? தம் வயிற்றுக்கு ஒரு சாத்திரமும் அயலார் குழந்தைக்கு ஒரு சாத்திரமும் இல்லை. இன்ன உயிர்க்கு இன்ன வினை என்று கணக்கிட வல்லவன் இறைவன் ஒருவனே. அவ்வேட்டை நம் கையில் அவன் தந்தானல்லன். நம் கையில் தந்தது இப்பிறப்பிலே நாம் செய்யும் செயல், அதுவே ஆகாமியம். அக்குழந்தைக்குப் பால் ஊட்டுவதும், அதனைப் பார்த்து முகஞ்சுளிப்பதும், அதன் தாயை நோக்கி, 'நீ என்ன பாவம் செய்தாயோ' என்பதும் நம்முடைய ஆகாமியக் கணக்கிலேதான் ஏறும்.

அன்றியும், வினை வினை என்று முற்பிறப்பையே நோக்குவார் கண்முன் நிகழ்வதைக் காணாது ஒழிகின்றனர். சென்னைப் பள்ளிகளிற் பயின்ற 3 முதல் 7 வயது வரையிலான 756 சிறாரின் குருதியைச் சோதித்த ஆய்வொன்று 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. குருதியில் ஈயம் மிக்கிருந்த சிறாரிடத்தே மனத்தை ஒருவழி நிறுத்த மாட்டாமையும், அச்சமும், பிறரோடு பழகுதலில் இடர்ப்பாடும் மிக்கிருந்தன என்று அது காட்டிற்று. வண்டிகளுக்கு ஊற்றும் பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்நாட்டில் 2000 ஆம் ஆண்டிலேதான் நின்றது. பழைய பெயிண்டிலும், பழம் பாட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களின் மண்ணிலும் அது இன்றும் உண்டு. தவழும் குழந்தை அம்மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். இதனை அக்குழந்தையின் பழவினை என்று கூறி நாம் ஒதுங்குவதெங்ஙனம்? பேற்றின்போது மூச்சுத்திணறியதால் வரும் இடரும் உண்டு. உணவில் அயோடின் இன்மையால் வருவதும் உண்டு. நெருங்கிய உறவில் மணஞ்செய்தலால் மிகும் பரம்பரை நோய்களும் உண்டு. பலவற்றுக்குக் காரணம் இன்னும் ஆராய்வாரால் தெளியப்படவில்லை. கிரகணத்தன்று கருவுற்றவள் வெளியே வந்ததனால் விளைந்தது, மாமியார் சொல்லைக் கேளாமையால் விளைந்தது என்பனவெல்லாம் துன்புற்றாரை மேலுந் துன்புறுத்தற்கு வழங்கும் பேச்சுக்களே.

இனி, திருவொற்றியூர்த் தலத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றுக்கு வருவோம். நம்பியாரூரர் சங்கிலியாரை மணக்கும்போது, 'உன்னைப் பிரியேன்' என்று மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தமையும், பின்னர்த் திருவாரூர் நினைவு மிக்கெழ அவ்வூரெல்லையைக் கடந்தமையும், கடந்த அளவிலே இரு கண்ணும் ஒளியிழந்தமையும் சேக்கிழார் பெருமான் விரித்தோதினார். அதன்மேல் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. கண்ணிழந்த நம்பிகள் திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலினுள்ளே இருக்கின்றீரோ என்று தோழமை உரிமையாற் சினந்து வினவினார். இறைவன் கண்ணைக் கொடுத்தானல்லன். ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தான். அக்கோலை ஊன்றி நம்பிகள் காஞ்சிபுரத்தை அடைந்தபோது இடக்கண்ணும், ஆரூரை அடைந்தபோது வலக்கண்ணும் பெற்றார். (பழைய திருவெண்பாக்கம், சென்னை மக்களின் குடிநீருக்கென 1944 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்துபோக, கோயில் வேறிடத்தே எழுப்பப்பட்டது. ஊன்றுகோல் கொடுத்த இடத்து நீரைச் சென்னையார் பருகுகின்றோம் என்பது யாம் அடிக்கடி நினைந்து மகிழும் செய்தி.)

எல்லாம் வல்ல முதல்வன் கண்ணையே அன்று கொடுத்திருத்தல் கூடாதோ எனின், கூடும். கொடாமைக்குக் காரணம் அவன் திருவுளமே அறியும். நாம் அறியத்தக்கது இது: கண் வருங்காறும் கோல் வேண்டும், கோல் பெற்றவர் ஓரிடத்தே குந்தியிராது நடந்தார், நடந்தமையாற் காஞ்சியை அடைந்தார். நம் இல்லங்களிலே நிகழ்வது இதற்கு மாறாயுளது. கண்ணே வேண்டும் என்று கேட்டு அலைகின்றோம். ஒரு கோயிலில் நேர்ச்சை, ஒரு மந்திரவாதியிடம் தாயத்து, ஒரு மாதத்திற் பேசவைப்பேன் என்று பணம் வாங்குவாரிடம் மருந்து என இவ்வாறு மூன்றாண்டு நான்காண்டு கழிகின்றன. கோல் கொடுக்கவேண்டிய காலமோ அக்காலமே. இளமூளை விரைந்து வளர்வது அம்முதலாண்டுகளிலேதான். மற்றொன்றும் நோக்குக. நம்பிகள்பாற் சூளுறவு பிழைத்த குற்றம் வெளிப்படை, தண்டித்தவனும் இறைவனே. அங்ஙனமாகவும், 'குற்றஞ்செய்தாய், தடவிக்கொண்டே போ' என்று அவன் வாளா இருந்திலன். குற்றம் இன்னதென்று அறியப்படாத ஒரு பச்சிளங்குழந்தைக்குக் கோல் கொடுக்க நாம் தயங்குவது எந்நியாயத்தின்பாற்படும்?

அக்கோலின் முதற்பகுதி காலத்தே கண்டுகொள்ளுதல். பன்னிரண்டாந் திங்களிற் பெயர் சொல்லி அழைத்தாற் குழந்தை திரும்புதல் வேண்டும். பதினெட்டாந் திங்களில் நடத்தலும் ஒற்றைச் சொற்கள் சில பேசுதலும் வேண்டும். இரண்டாம் வயதில் இருசொற்களை இணைத்துப் பேசுதல் வேண்டும். இவை நிகழாவிடினும், பேசிய சொற்கள் மறைந்துபோயினும், 'இவன் தாத்தாவும் ஐந்து வயதிலேதான் பேசினார்' என்று பொறுத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்க. பேசாத குழந்தைக்கு முதலிற் செவிச்சோதனை செய்வித்தல் இன்றியமையாதது. கேளாமையே பேசாமைக்குக் காரணமாதல் உண்டு. இராயபுரத்தை அடுத்தே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கின்றது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளாரைச் சோதித்து உதவும் அரசுத் திட்டம் ஒன்று 2013 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெறுகின்றது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அதன் வழியைக் கேட்டறியலாம். வலிப்பு உள்ள குழந்தைக்கு மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்துவோர் உளர், அது பெருங்கேடு.

இரண்டாம் பகுதி வீட்டினுள்ளே செய்வது. அதற்குத் தண்டியடிகள் நாயனாரே நமக்கு ஆசிரியர். அவர் பிறவியிலேயே கண்ணொளி இலர். திருவாரூர்க் கமலாலயக் குளம் தூர்ந்து குறுகினமை கண்டு, ஆம், அகக்கண்ணாற் கண்டு, அதனைத் தோண்டி அகலஞ்செய்யத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரைமேலே ஒரு தறியும் நாட்டி, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிப்போய் மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து, அதனையே தடவிவந்து கரையிற் கொட்டினார். கண்ணுடையார் ஒருவரையும் அவர் அழைத்திலர். தம் நிலைக்கு ஏற்ப இடத்தைத் திருத்திக்கொண்டார், அவ்வளவே. பொறாதார் சிலர் வந்து மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். தறிகளையும் பிடுங்கி எறிந்தனர். அத்தறியைப் பிடுங்கும் கூட்டம் இன்றும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர் பேச்சு: 'இவனுக்கு இதெல்லாம் எதற்கு?'

கயிறு கட்டுதல் என்பது நம் வீட்டில் யாதெனின், நாளின் ஒழுங்கேயாம். எழுதல், பல்விளக்கல், குளித்தல், திருநீறு அணிதல், உண்ணல் என்பவை நாடோறும் ஒரே வரிசையில், ஒரே இடத்தில், ஒரே சொல்லோடு நிகழுமாயின், அடுத்து வருவது யாதென்று அறியாத அச்சம் குழந்தைக்கு நீங்கும். மதியிறுக்கம் உடைய பிள்ளைகள் பலர் கத்துவதும் கையைக் கடித்துக்கொள்வதும் இவ்வச்சத்தினால் என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. சொல்லாற் கூறியது பதியாவிடின் படம் வரைந்து சுவரில் ஒட்டுக: பல்துலக்கி, சொம்பு, தட்டு, பள்ளிப்பை. ஒன்று முடிந்தவுடன் அப்படத்தைத் திருப்பி வைக்கக் குழந்தையே கற்கும். தாய், 'சாப்பிடு' என்றும், பாட்டி, 'மம்மம்' என்றும், அக்காள், 'டிபன்' என்றும் கூறின், மூன்று கயிறு மூன்று திசையில் இழுக்கும். வீட்டார் அனைவரும் ஒரு சொல்லையே வழங்குக.

ஒரு தொழிலைக் கற்பிக்கும் முறையும் இவ்வாறே. பெரிய தொழிலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்துக்கொள்ளல் வேண்டும். பூத்தொடுத்தலைக் கொள்வோம். இத்தலத்துக் கன்னிமாடத்திருந்து சங்கிலியார் செய்த தொண்டு அது. நாரை விரித்தல், பூவை எடுத்தல், இரண்டிரண்டாக எதிர்வைத்தல், நாரைச் சுற்றுதல், முடியிட்டு இறுக்குதல் எனப் படி பல. முதற்படியைக் குழந்தையிடம் கொடுத்து எஞ்சியதைத் தாம் செய்வது நம்மவர் வழக்கம். அதனாற் குழந்தை பாதியிற் பறிகொடுத்ததாய் உணரும். இதனைத் திருப்பிச் செய்க. எல்லாப் படியையும் தாயே செய்து, இறுதியாகிய இறுக்குதலை மட்டும் குழந்தையின் கையாற் செய்விக்க. மாலை முடிந்தது, முடித்தவன் தானே என்னும் மகிழ்ச்சி அதற்கு உண்டாகும். அது நன்கு பழகியபின் இறுதி இரண்டு படி, பின்னர் மூன்று. பொத்தான் மாட்டுதலும், சோறு பிசைந்து உண்ணுதலும், பாய் சுருட்டுதலும் இம்முறையால் வரும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதத்துள் சரியையை முதலில் வைத்த நம் முன்னோர், அலகிடுதலும் மெழுகுதலும் பூக்கொய்தலும் விளக்கிடுதலுமாகிய கைத்தொண்டினின்று உயிரை மேலே ஏற்றினர். கை அறிந்ததை மனம் பின்னர் அறியும் என்பது அவர் கண்ட முறை. நாமோ ஞானபாதத்தில் தொடங்குகின்றோம். மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்து அகரம் சொல் என்கின்றோம்.

எழுத்து என்றமையால் எதிர்வீட்டுப் பையனை நினைவோம். அவனுக்குச் சொன்னது விளங்கும். கண்டது நினைவில் நிற்கும். எழுத்துக்கள் மட்டும் ஒன்றோடொன்று மயங்கும். தமிழில் 247 எழுத்து; அவற்றுள் னகர ணகரங்களும், லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் பிற பிள்ளைகளுக்கே மயக்கந் தருவன. அவனை அடிப்பதாற் பயன் இல்லை. பத்துமுறை எழுது என்று தண்டிப்பதாலும் இல்லை. தவறாகப் பத்துமுறை எழுதித் தவற்றையே பழகுவான். ஒரே காலத்தில் ஓரெழுத்தைக் கொண்டு, அதனை வாயால் ஒலித்துக்கொண்டே விரலால் மணலில் எழுதுவித்து, உருவும் ஒலியும் விரலின் அசைவும் ஒன்றாகும் வரை விடாது பயிற்றி, பின்னரே அதனோடு மயங்கும் எழுத்தைக் காட்டுதல் வேண்டும் என்பர் இத்துறை வல்லார்.

இது நமக்குப் புதிதோ? நம் திண்ணைப் பள்ளிகளிலே மணலில் எழுதுவித்த முறையன்றோ இது! 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறார் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனை மேற்கொண்டார். தேர்ந்த மாணாக்கன் மற்றை மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797 இல் நூலாக எழுதினார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. பிற்காலத்தே இத்தாலி நாட்டு மரியா மாந்தசோரி அம்மையார், அறிவு வளராதவர் என்று ஒதுக்கப்பட்ட உரோமாபுரிச் சிறாரிடத்தே தம் தொண்டைத் தொடங்கினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவித்துக் கற்பித்தார். 1939 இல் அவர் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். திண்ணையில் நாம் விட்டொழித்ததை உலகஞ்சுற்றி அம்மையார் கொணர்ந்து கொடுத்தார் எனலாம். காசிமேட்டிலே மணலுக்குப் பஞ்சமில்லை. ஒரு தட்டில் மணலைப் பரப்பி நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பாடத்தை மூத்தவர் வாய்விட்டுப் படித்துக்காட்ட, அவன் வாயால் விடை கூறட்டும். பொதுத்தேர்விலே இத்தகைய மாணாக்கர்க்கு மிகைநேரமும், விடையைக் கேட்டு எழுதுவாரும் அரசால் அளிக்கப்படுகின்றன. மருத்துவச் சான்று முன்னரே பெறுதல் வேண்டும்.

பேசாத பிள்ளைகளைப் பற்றி இனிச் சிறிது கூறுவோம். இறையனார் அருளிய அகப்பொருளுக்குச் சங்கப் புலவர் பலர் உரைகண்டு, எவ்வுரை மெய்யுரை என்று தம்முள் மாறுபட்டபோது, அவ்வழக்கைத் தீர்த்தவர் யார்? உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர்; ஐந்து வயதினர்; ஊமைப்பிள்ளை. நாற்பத்தொன்பது புலவரும் அவர் திருமுன் உரை வாசித்தனர். பிறர் உரைக்கு வாளா இருந்தவர், மருதன் இளநாகனார் உரைக்கு ஒரோவிடத்துக் கண்ணீர் வார்ந்தார். நக்கீரர் உரைக்குச் சொற்றோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தார். பேசுதல் வேறு, அறிதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அப்புலவரின் சிறப்பும் ஈண்டு உளது. அவர் நாவைப் பாராது கண்ணையும் மெய்யையும் பார்த்து விடையறிந்தனர். நம் பிள்ளை தண்ணீர்க் குடத்தை நோக்கின் அது ஒரு சொல். கையைப் பிடித்து இழுப்பின் அதுவும் ஒரு சொல். படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்துச் சுட்டிக்காட்டக் கற்பிக்கலாம். சுட்டக் கற்றால் நா சோம்பிவிடும் என்று அஞ்சற்க. அது உண்மை அன்று. அவன் எதிரிலே, 'இதற்கு ஒன்றும் தெரியாது' என்று பிறரிடம் கூறுவதை மட்டும் இன்றே விடுக. கேட்டுக்கொண்டிருப்பது உருத்திரசன்மரைப் போன்றதோர் உயிர்.

குமரகுருபர அடிகள் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பதும் நாம் போற்றும் வரலாறே. ஆயின் அதனைக் காட்டி, ஐந்து வயது வரை பொறுப்போம் என்று ஒரு குடும்பம் இருக்குமாயின், அஃது அவ்வரலாற்றின் பொருள் அன்று. அவர்தம் பெற்றோர் வீட்டில் வாளா இருந்தாரல்லர். திருவைகுண்டத்தினின்று மகவைச் சுமந்து சென்று செந்திலிற் கிடந்தனர். வழிபாடும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

மிகவும் கருதவேண்டியதொன்று எஞ்சியுளது. திருவொற்றியூரிலே சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்தவர் கலிய நாயனார். திருக்கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பது அவர் தொண்டு. செல்வம் தேய்ந்தது, கூலிவேலை செய்து வார்த்தார். அதுவும் இல்லையாயிற்று. விற்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலே, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே அகலில் வார்ப்பேன் என்று கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

இத்தகைய குழந்தைகளைப் பெற்ற தாய்மார் பலரை நோக்கும்போது எமக்குக் கலியரே நினைவுக்கு வருகின்றார். உறக்கம் இல்லை; வேலையை விட்டாயிற்று; நகை அடகில்; கணவன் குடியில், அன்றிக் கோபத்தில்; மூத்த பெண்ணின் படிப்பும் இதனால் நின்றது. அவள் தன் குருதியை அகலில் வார்க்கின்றாள். நாமோ, 'என்ன தியாகம்! தெய்வத்தாய்!' என்று புகழ்ந்துவிட்டுப் போகின்றோம். இறைவன் கலியரைப் புகழ்ந்துகொண்டு நின்றிலன், கையைப் பிடித்தான். கையைப் பிடித்தல் என்பது வாரத்தில் ஒரு பிற்பகல் அத்தை ஒருத்தி அக்குழந்தையோடு இருத்தல். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் தந்தை ஷிப்டை மாற்றிக்கொள்ளல். பாட்டி பழிச்சொல்லை விடுத்து அப்பூத்தொடுத்தலின் இறுதி முடியைப் பேரனிடம் கொடுத்தல். கடலும் இருப்புப்பாதையும் லாரிச்சாலையும் அருகே உள்ள இடமாதலின், வெளியே ஓடும் பிள்ளையின் சட்டையிலே தொலைபேசி எண்ணைத் தைத்து வைத்தலும், அவன் முகத்தைத் தெருவார் அனைவரும் அறிந்திருத்தலும் ஒரு காவல். இதற்குப் பணம் வேண்டா.

பணத்தால் ஆவனவற்றிற்கும் வழி உண்டு. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மதியிறுக்கத்தையும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுட் சேர்த்தது. வரையறுத்த அளவினும் மிக்க குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளிக்கு வர இயலாதவர்க்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடு அரசுப் பள்ளிக்கல்வித் திட்டத்திலே உளது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு முதலியன உடையார்க்கு உரியது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் நடுவணரசின் பல்வகை ஊனமுற்றோர்க்கான நிறுவனம் இயங்குகின்றது. எண்ணூரினின்று அது நெடுந்தொலைவு. இரண்டு மூன்று பேருந்து மாறல் வேண்டும். வடசென்னையிலேயே இத்தகையதொன்று அமைதல் வேண்டும் என்று கேட்பது குறையிரத்தல் ஆகாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை பெறுதல் இவற்றுக்கெல்லாம் முதற்படி. எழுதப்படிக்க அறிந்த அன்பர் ஒருவர் உடன்சென்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாராயின், அதனைச் சிவபுண்ணியம் என்று எழுத எமக்குக் கூச்சமில்லை.

கடைசியாகத் திருக்கோயிலுக்கு வருவாரை நோக்கி ஒரு வேண்டுகோள். இக்குடும்பங்களுட் பல கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டன. வழிபாட்டில் வெறுப்புற்று அன்று; பிறர் பார்க்கும் பார்வையை அஞ்சி. பிள்ளை கூவும், மணியோசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கீழே உருளும். சிலர்க்கு ஒலி ஊசிபோற் குத்துமென்பதை நாம் அறியோம். 'அடக்கி வை' என்கின்றோம். பெற்றோர் கூட்டமும் மேளமும் இல்லாத முற்பகற் போதிலே வந்து பழக்குவது நலம். முதல் நாள் கோபுரவாயில் வரை, மறுவாரம் பிராகாரம் வரை, பின்னர்ச் சந்நிதி. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நாளன்று கூட்டம் மிகும். அன்றும் அவர்களுக்கென மதிலோரம் ஓரிடம் விடலாம். அங்கே ஒரு தாய் அத்தகைய பிள்ளையோடு நிற்கக் காணின், ஏன் இப்படி என்று அவளை வினவற்க. பிள்ளையையே நோக்கிப் பெயர் சொல்லி அழைத்து, விடை வருமளவும் பொறுத்து நிற்க. விடை வாராதாயின், திருநீற்றுத் தட்டை அவன் கைக்கு எட்டுமாறு தாழ்த்திப் பிடிக்க.